இருபதாயிரம் அடியில் ஒரு பங்க்: எந்த டேங்கர் விமானம் தேறும்?

கடலூர் வண்டிகள் ஆல்பேட்டையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது இந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அதே மிச்சத்தை நம்பி விருத்தாசலத்திலிருந்து ஒருவர் கிளம்பினால் வந்துபோகிற பெட்ரோலே லாபத்தைத் தின்றுவிடும். வானில் எரிபொருள் ஊற்றும் டேங்கர் விமானத்துக்கும் இதே கணக்குதான். கொள்ளளவு இத்தனை டன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். டேங்கர் தானே குடிப்பதும் அதே டன்னிலிருந்துதான். போக, அங்கே சுற்றிக்கொண்டு நிற்க, திரும்பி வர எல்லாம் குடித்த பிறகு அடுத்தவனுக்கு ஊற்ற என்ன மிஞ்சுகிறதோ அதுதான் சரக்கு.

இந்திய விமானப்படையிடம் இப்போது இருக்கும் டேங்கரையும், அதன் இடத்துக்குப் பேச்சில் அடிபடும் மற்ற விமானங்களையும் அந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறோம்.

நம் கரைக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30எம்கேஐ அணி நிற்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள். தஞ்சையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், நேர்கோட்டில் சுமார் 1,500 கி.மீ. சுகோய்-30 முழு டேங்க்கில் பறக்கும் தூரம் 3,000 கி.மீ. என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. போய்த் திரும்பினால் தீர்ந்தது. அந்தமான் மேல் பத்து நிமிடம் சுற்றிக் காவல் காக்கக்கூட மிச்சமில்லை. இறக்கையில் ஆயுதம் மாட்டினால் காற்றின் இழுவையில் அந்த 3,000-ம் சுருங்கும். நடுவானில் ஒருமுறை நிரப்பினால் 5,200 கி.மீ. வரை நீள்கிறது. வங்காள விரிகுடாவில் டேங்கர் இருந்தால்தான் தஞ்சாவூர் அணிக்கு முழு மதிப்பு.

இந்த டேங்கர்கள் ஏறக்குறைய எல்லாமே சரக்கு விமானத்தையோ பயணிகள் விமானத்தையோ மாற்றிச் செய்தவை. லாரி சேஸிஸ் வாங்கி மேலே டேங்க் கட்டுகிற வேலையேதான். கடலூர் சிப்காட் பக்கம் டேங்கர் லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சேஸிஸ் தாங்காவிட்டால் மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் ஆறே மாதத்தில் பட்டை உடையும். விமானத்தில் அந்தச் சேஸிஸ் என்பது இறக்கை. எரிபொருள் இருப்பதும் அதற்குள்தான், ஹோஸ் பெட்டி தொங்குவதும் அதன் கீழேதான்.

விமானங்களுக்குள் போவதற்கு முன் நாசில் விஷயத்தைப் பேசிவிட வேண்டும். பங்க்கில் டீசல் நாசில் பெட்ரோல் வண்டியின் வாயில் நுழையாதது போல, வானிலும் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று பூம். டேங்கரின் வாலடியில் நீளும் விறைப்பான குழாய். அதன் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் சிறு இறக்கைகள் இருக்கும். டேங்கருக்குள் இருக்கும் ஆள் அவற்றை அசைத்துக் குழாயைப் பறக்கவிட்டு, பின்னால் நிற்கும் விமானத்தின் முதுகில் உள்ள குழியில் செருகுவார். நிமிடத்துக்கு 1,200 அமெரிக்க கேலன், அதாவது 4,500 லிட்டர் வரை ஊற்றும். பெரிய விமானத்துக்கு இதுதான் தோது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விமானத்துக்குத்தான் ஊற்ற முடியும்.

இன்னொன்று ஹோஸும் கூடையும். இறக்கைக்குக் கீழே பாட் எனும் நீள்பெட்டி. அதன் மூக்கில் ஒரு சிறு காற்றாடி, எதிர்காற்றிலேயே சுழன்று உள்ளே பம்ப்பை ஓட்டும். ரீலிலிருந்து 26, 27 மீட்டர் ஹோஸ் பின்னால் இறங்கும். நுனியில் இறகுப்பந்தைப் போல விரிந்த கூடை, சுமார் இரண்டடி அகலம். பின்னால் வரும் போர் விமானம் மூக்கருகே நீட்டிய குழலை அந்தக் கூடையில் தானே செருக வேண்டும். ஏர்பஸ் ஏ330 டேங்கரின் பாட் நிமிடத்துக்கு 420 கேலன், சுமார் 1,590 லிட்டர் தரும். நம் ஊர் பங்க் நாசில் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுற்றுவட்டாரத்தில் ஊற்றும். அப்படியென்றால் ஒரு பாட் நாற்பது பங்க்குக்குச் சமம். இரண்டு இறக்கையிலும் ஒரே நேரத்தில் இரண்டு விமானம் பிடித்துக் குடிக்கலாம்.

சுகோய்-30, மிராஜ்-2000, ஜாகுவார், ரஃபேல், தேஜஸ் என்று நம் போர் விமானங்கள் எல்லாம் கூடை ஜாதி. சி-17 சரக்கு விமானமும் பி-8ஐ-யும் பூம் ஜாதி. இந்த முரண்பாட்டைக் கடைசியில் மறுபடி தொடுவோம்.

கூடையைப் பிடிக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் டேங்கரின் தரம் தெரியும். தேஜஸை எடுத்துக்கொள்வோம். 2018 செப்டம்பர் 10 அன்று நம் படையின் டேங்கரான ஐஎல்-78-இலிருந்து முதன்முறையாக எரிபொருள் வாங்கியபோது உயரம் 20,000 அடி, வேகம் 270 நாட், வாங்கியது 1,900 கிலோ. 270 நாட் என்றால் மணிக்கு 500 கி.மீ. இரண்டு விமானமும் அதே வேகத்தில் போகும்போது பின்னால் இருப்பவர் மூன்று முதல் ஐந்து நாட் மட்டும் கூட்டி முன்னே வர வேண்டும். ஆள் வேகமாக நடக்கிற அளவுதான். அதைவிட மெதுவாக வந்தால் கூடைக்குள் இருக்கும் பூட்டு விழாது, முட்டிவிட்டு நழுவும். வேகமாக வந்தால் ஹோஸ் தொய்ந்து, உதறிய கயிற்றில் ஓடுவது போல ஓர் அலை டேங்கர் வரை ஓடித் திரும்பும். அந்த அலை குழலின் நுனியை முறிக்கும். நுனி முறியும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள், விமானத்தின் மூக்கு பிழைக்க வேண்டுமே. ஆனால் முறிந்த நுனி கூடையிலேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பயணம் முழுக்க அந்த ஹோஸ் கடை சாத்தின மாதிரி.

தொய்வை உறிஞ்ச வேண்டியது ரீல். முட்டிய கணத்திலேயே ஹோஸைச் சுருட்டி விறைப்பாக வைத்திருக்க வேண்டும். ரீல் மந்தமாக இருந்தால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. பாட் பராமரிப்பில் முதலில் கைவைக்க வேண்டியதும் இந்த ரீல் இழுவைதான், பம்ப் அப்புறம். பூட்டு விழுந்த பிறகும் எரிபொருள் உடனே வராது. ஹோஸை இன்னும் ஓரிரு மீட்டர் உள்ளே தள்ளினால்தான் வால்வு திறந்து பாட்டின் பின்புறம் பச்சை விளக்கு எரியும். அதற்கு முன் மஞ்சள் விளக்கு, வரலாம் என்று பொருள். சிவப்பு எரிந்தால் விலகு. பங்க்கில் "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்று பையன் சொல்வதற்குப் பதிலாக அங்கே விளக்கு பேசுகிறது, ரேடியோவில் பேச்சைக் குறைப்பதற்காக.

இன்னொரு தொல்லை, கூடை விலகி ஓடுவது. போர் விமானத்தின் மூக்கு தள்ளுகிற காற்று, தொடப்போகும் தறுவாயில் கூடையை ஒரு முழம் ஒதுக்கிவிடும். அதைத் துரத்தினால் கதை முடிந்தது. டேங்கரின் பாட்டையே பார்த்துக்கொண்டு நேராக வா, கூடை தானே குழலுக்கு வரும் என்றுதான் எல்லாப் படைகளிலும் கற்றுத் தருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடல் மேல் மேகம் குமுறும் நாள்களில் கூடை ஊஞ்சலாடும். அப்போது டேங்கர் தன் வட்டத்தையே நல்ல காற்றுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும் தூரமும் எரிபொருள்தான்.

இனி விமானங்கள்.

ஐஎல்-78எம்கேஐ: இப்போது நமக்குச் சொந்தமாக இருப்பது இது ஒன்றே. ஐஎல்-76 சரக்கு விமானத்தின் டேங்கர் வடிவம். உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் கட்டியது, எரிபொருள் ஊற்றும் ஏற்பாட்டில் இஸ்ரேல் கைவரிசை உண்டு. 2003 முதல் ஆறு விமானங்கள் ஆக்ராவில், 78-ஆம் அணியில். அதற்கு முன் இந்தியாவிடம் டேங்கரே கிடையாது. 2004-இல் ஜாகுவார்கள் அலாஸ்கா வரை பயிற்சிக்குப் போய் வந்தது இதன் தயவில்தான்.

சேஸிஸாகப் பார்த்தால் முரட்டு மாடு. 20 சக்கரம், உயர்த்திக் கட்டிய இறக்கை, சுமாரான ஓடுபாதையிலும் இறங்கும் உடம்பு. நான்கு டி-30கேபி எஞ்சின், ஒவ்வொன்றும் 12 டன் உந்துவிசை. இறக்கைக் கொள்ளளவு போதாமல் சரக்கு அறையில் உருளைத் தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். ஐஎல்-76-இல் வால் பீரங்கிக்காரர் உட்காரும் இடத்தில் இப்போது எரிபொருள் ஆபரேட்டர் உட்கார்ந்து, பின்னால் வரும் விமானங்களைக் கண்ணாலேயே பார்க்கிறார். கேமரா, திரை, கண்ணாடி என்று எந்தத் தொல்லையும் இல்லை. பழைய ஏற்பாடுதான், ஆனால் இந்த விமர்சனத்தில் வரும் விமானங்களில் நமக்கு மிகவும் பிடித்த இருக்கை அதுதான். ஏன் என்பது கேசி-46 பகுதியில் விளங்கும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பாட், உடலின் பின்புறம் இடப்பக்கம் ஒன்று. இரண்டு போர் விமானத்துக்கு இறக்கையில் ஊற்றலாம், பெரிய விமானம் வந்தால் பின்பக்கத்து ஹோஸ்.

குறை எங்கே? முதலில் வயிறு. நான்கு பழைய எஞ்சினும் சேர்ந்து மணிக்கு எட்டு, ஒன்பது டன் குடிக்கும். ஏ330-இன் இரண்டு எஞ்சின் ஆறு டன்னுக்குள் முடித்துக்கொள்ளும். ஆறு மணி நேரப் பயணத்தில் வித்தியாசம் 15 டன்னுக்கு மேல். அந்த 15 டன்னில் மூன்று சுகோய்களுக்குத் தலைக்கு 5 டன் ஊற்றியிருக்கலாம். முள்ளோடைக் கணக்கில் இது விருத்தாசலத்திலிருந்து வருகிற வண்டி.

அடுத்தது, பட்டறை. 2010 முதல் 2016 வரை இந்த ஆறு விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தது சராசரியாக 49 சதவீதம், இருக்க வேண்டியது 70 என்று 2017-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. ஆறில் பாதி மூன்று. அதில் ஒன்று பயிற்சிக்கு, ஒன்று மாற்றுக்கு நின்றால் நாட்டுக்கே ஒரு டேங்கர். வடிவமைப்பு ரஷ்யா, கட்டியது உஸ்பெகிஸ்தான், ஊற்றும் ஏற்பாடு இன்னொரு நாடு. உதிரி பாகத்துக்கு ஒரே கதவைத் தட்ட முடியாத விமானம் ஷெட்டில்தான் அதிகம் நிற்கும். வாங்கும்போது எத்தனை என்று கேட்கும் நாம், காலையில் எத்தனை கிளம்பும் என்று கேட்பதில்லை.

ஏ330 எம்ஆர்டிடி: ஏ330-200 பயணிகள் விமானத்தை ஸ்பெயினின் கெடாஃபே பட்டறையில் பிரித்து மாற்றுவது. விமானம் பிறப்பது பிரான்ஸின் துலூஸில். பிரெஞ்சுப் படையில் இதன் பெயர் ஃபெனிக்ஸ். முதல் விமானம் 2018-இல் இஸ்த்ர் தளத்துக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா பெரியவர்களிடம் டேங்கர் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், ரவித்தாயர் என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 2020 ஜூலையில் நம் முதல் ஐந்து ரஃபேல்கள் மெரிஞாக்கிலிருந்து அபுதாபியின் அல் தஃப்ராவுக்கு வரும் வழியில் நடுவானில் எரிபொருள் வாங்கியது இந்த வகையிடம்தான்.

இதன் சிறப்பு ஒரே எண்ணில் அடங்கும்: 139,090 லிட்டர். சாதாரணப் பயணிகள் ஏ330-200-இன் எரிபொருள் கொள்ளளவு இது. எடையில் 111 டன். டேங்கராக மாறிய பிறகும் அதே 111 டன்தான். வயிற்றில் ஒரு தொட்டிகூடக் கூடுதலாகச் செருகவில்லை. 20,000 லிட்டர் பெட்ரோல் லாரி ஏழு வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அத்தனையும் இறக்கையிலும் வாலிலும். அதனால் கீழ் அறையில் சரக்கு ஏற்றலாம், மேலே ஆட்களை உட்காரவைக்கலாம். ஐந்து போர் விமானங்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும்போது மெக்கானிக்குகளும் உதிரி பாகப் பெட்டிகளும் இதே விமானத்தில் போவார்கள்.

எரிபொருளை விட்டுவிட்டு பாட்டைப் பார்த்தாலும் இதே அதிர்ஷ்டம். ஏ330-க்கும் நான்கு எஞ்சின் ஏ340-க்கும் இறக்கை ஒன்றே. ஏ340-இல் வெளி எஞ்சின் தொங்கும் இடம் ஏ330-இல் சும்மா கிடக்கிறது. பாட்டை அங்கே மாட்டினார்கள். எஞ்சினையே தாங்கப் பிறந்த இடத்துக்கு ஒரு ஹோஸ் பெட்டி எம்மாத்திரம்.

சராசரி ஒரு நாள் வேலையைக் கணக்கிட்டால்: இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வட்டமடிக்க, இரண்டு மணி நேரம் திரும்ப. ஆறு மணி நேரத்துக்கு 36 டன். பத்திரமாக இறங்க ஏழெட்டு டன் கையிருப்பு. மிச்சம் 65 டன்னுக்கு மேல் ஊற்றலாம். பதின்மூன்று சுகோய்களுக்கு ஐந்தைந்து டன். இது நம் தோராயக் கணக்கு. பாட்டின் இழுவை, காற்று, வெயில் எல்லாம் சேர்ந்தால் சில டன் கூடக்குறையும்.

குறையும் உண்டு. பூம் ஆரம்ப காலத்தில் படுத்தியது. 2011 ஜனவரியில் போர்ச்சுகலின் எஃப்-16 ஒன்றோடு சோதனையில் இருந்தபோது பூம் பிய்ந்து கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு பூமும் போனது. பின்னாளில் அது தேறி, 2022-இல் ஆள் கைவைக்காமல் தானே இணையும் ஏற்பாட்டுக்கே சான்றிதழ் வாங்கியது. பிரிட்டன் பூமே வேண்டாம் என்று பாட்டும் நடு ஹோஸும் மட்டும் வைத்து வாங்கியது. அங்கே இதன் பெயர் வாயேஜர். அவற்றில் ஒன்று 2014 பிப்ரவரியில் திடீரென்று மூக்கைக் குத்தி 27 நொடியில் 4,400 அடி விழுந்தது. காரணம், இருக்கையின் கைப்பிடிக்கும் விமானத்தை இயக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே சிக்கிய ஒரு கேமரா. இருக்கையை முன்னே நகர்த்தியபோது கேமரா ஸ்டிக்கைத் தள்ளிவிட்டது. இருக்கைப் பக்கம் எதுவும் வைக்காதே என்ற விதி எந்த விமானத்துக்கும் உண்டு. பக்கவாட்டு ஸ்டிக் உள்ள விமானத்தில் அதை இரண்டு மடங்கு கறாராகப் பிடிக்க வேண்டும்.

பெரிய குறை விலை. இந்தியா இரண்டு முறை இதைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறையும், 2010-இலும் 2016-இலும், கைவிட்டது. எரிபொருள் மிச்சத்தை முப்பது வருடத்துக்குக் கூட்டிப் பார்க்காமல் வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் எந்த ஏலத்திலும் இதுதான் தோற்கும். மைலேஜ் பார்க்காமல் ஷோரூம் விலை பார்த்து பைக் வாங்குகிற கதை.

கேசி-46: போயிங் 767-இலிருந்து வந்தது. அமெரிக்கப் படைக்கு 2019 ஜனவரியில் முதல் விமானம். கொள்ளளவு 96 டன், இறக்கை போதாமல் கீழ் அறையில் தொட்டி சேர்த்திருக்கிறார்கள். பூமும் உண்டு, ஹோஸும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கோளாறு கண்ணில் இருக்கிறது. முந்தைய அமெரிக்க டேங்கர்களில் பூம் ஆபரேட்டர் வாலடியில் படுத்தோ உட்கார்ந்தோ நேராகப் பார்ப்பார். இதில் அவரை முன்னால், விமானி அறைக்குப் பின்னே உட்காரவைத்து, கேமரா படத்தை முப்பரிமாணக் கண்ணாடி போட்டுத் திரையில் பார்க்கச் சொன்னார்கள். சூரியன் சில கோணத்தில் இருக்கும்போது நிழல் விழுந்து படம் வெளுக்கிறது, ஆழம் சரியாகத் தெரிவதில்லை. பூம் நுனி குழியை விட்டு முதுகைக் கீறுகிறது. ரேடாருக்குச் சிக்காத பூச்சுள்ள விமானமென்றால் அந்தக் கீறலின் விலை தனி. கேமரா ஏற்பாட்டையே புதிதாகச் செய்கிறார்கள், அது 2027-க்குத் தள்ளிப்போனது. பூம் விறைப்பு அதிகம் என்பது இன்னொரு புகார். மெதுவாகப் பறக்கும் ஏ-10 போன்றவை அதைத் தள்ளி நிலைநிறுத்தவே திணறின. 2019-இல் புது விமானத்துக்குள் கருவிகளும் குப்பையும் கிடந்ததால் விமானத்தை வாங்குவதையே படை நிறுத்திவைத்தது. நமக்கு இது வேண்டாம். பூம் தேவை மிகுந்த படைக்குச் செய்தது, அதிலேயே பூம்தான் நொண்டுகிறது.

பழைய 767-ஐ மாற்றுவது: இது இஸ்ரேலின் வழி. கொலம்பியாவுக்கு 2010-இல் ஒன்று செய்து கொடுத்தார்கள். நம் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லோடு 2022 ஏப்ரலில் இதற்கான உடன்பாடும் ஆகியிருக்கிறது, மாற்றும் வேலை இந்தியாவிலேயே. விலை குறைவு என்பதால் நம் சூழலுக்கு நெருங்கி வருவது இதுதான், எனவே வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் விமானத்தை எலும்பு வரை பிரித்து விரிசல், துரு பார்ப்பார்கள். பாதிப் பணமும் நேரமும் போவது இந்த இடத்தில். பிறகு இருக்கைகளைக் கழற்றி, இடப்பக்கம் பெரிய சரக்குக் கதவு வெட்டுவார்கள். உடலில் ஓட்டை போட்டால் அழுத்தம் தாங்கச் சுற்றிலும் சட்டம் அடிக்க வேண்டும், தரையையும் பலப்படுத்த வேண்டும். கீழ் அறையில் கூடுதல் தொட்டிகள். 767-இன் சொந்தக் கொள்ளளவு 91,000 லிட்டர் சொச்சம், எடையில் 73 டன்தான். பிறகு இறக்கைக்குள் பாட் வரை குழாய், மின்கம்பி. கடைசியாக ஆபரேட்டர் மேசையும் கேமராக்களும்.

இதில் சறுக்கும் இடம் பாட் தொங்கும் இறக்கை. 767-க்கு இறக்கைக்கு ஒரு எஞ்சின் மட்டுமே, வெளிப்பக்கம் எதையும் தொங்கவிட வடிவமைக்கவில்லை. இத்தாலி 2002-இல் ஆர்டர் செய்த கேசி-767 டேங்கர்களில் பாட் மாட்டியதும் குறிப்பிட்ட வேகத்தில் படபடப்பு எடுத்தது. நீளமான மூங்கிலின் நுனியில் வாளியைக் கட்டிக்கொண்டு ஓடினால் மூங்கில் தானே ஆடத் தொடங்கும் இல்லையா, அதுதான். தாங்கியின் வடிவத்தை மாற்றி அடக்க வருடங்கள் ஆயின, விமானம் கைக்கு வந்தது 2011-இல். எனவே இந்த வழியில் வாங்குவோர் விலைப்பட்டியலுக்கு முன் கேட்க வேண்டிய காகிதம், பாட் மாட்டி முழு வேகம் வரை பறந்த படபடப்புச் சோதனை அறிக்கை. கூடவே சுகோய்-30, தேஜஸ் இரண்டோடும் தொடுத்துப் பார்த்த சான்று.

கேசி-135: 1956 ஆகஸ்ட் 31-இல் முதன்முதலாகப் பறந்த தாத்தா. இன்றும் ஓடுகிறது, அதுவே பெரிய சான்றிதழ். 90 டன் வரை ஊற்றும். 707-ஐ மாற்றியது என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் தாய் ஒன்று, உடல் அகலம் வேறு. புது எஞ்சின் மாற்றிய பிறகுதான் இதற்கு இரண்டாம் வாழ்வு வந்தது, அதில் பாதி பிரெஞ்சுத் தயாரிப்பு. கூடை ஜாதி விமானத்துக்கு ஊற்ற பூமின் நுனியில் ஒன்பதடிக் குட்டை ஹோஸைக் கட்டுவார்கள். ரீல் கிடையாது, தொய்வை உறிஞ்ச எதுவும் இல்லை. கூடையும் கனத்த இரும்பு வளையம், இடித்தால் கண்ணாடியோ குழலோ போகும். அமெரிக்க விமானிகள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'இடிக்கும் குண்டு'. 2025-இல் நம் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து ஒரு கேசி-135-ஐ ஆளோடும் பராமரிப்போடும் சேர்த்து வாடகைக்கு எடுத்தது. விமானப்படை, கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தருவதற்காக. சொந்த டேங்கரின் மணிகளைப் பயிற்சியில் கரைக்காமல் காப்பாற்ற அது சரியான ஏற்பாடு. போருக்கு வாடகை வண்டி ஆகாது.

கேசி-130ஜே பற்றி இரண்டு வரி போதும். ஹெர்குலிஸின் டேங்கர் வடிவம், 26 டன் ஊற்றும், ஹெலிகாப்டருக்கும் ஊற்றும் அளவுக்கு மெதுவாகப் பறக்கும். நம் ஹெலிகாப்டர்களுக்கு அந்தக் குழலே இல்லாதபோது அந்தத் திறமைக்கு இங்கே வேலை இல்லை.

ஒரு போர் விமானம் இன்னொன்றுக்கு ஊற்றும் 'பட்டி' (buddy, கூட்டாளி) முறை நம் சுகோய்க்கு உண்டு. அவசரத்துக்கு பைக்கிலிருந்து பைக்குக்குப் பாட்டிலில் பெட்ரோல் எடுக்கிற மாதிரி. உயிர் காக்கும், ஆனால் அதையே பங்க் என்று சொல்ல முடியாது.

பணம் தடையில்லை என்றால் ஏ330, பூமும் பாட்டும் சேர்த்து. பூம் எதற்கு என்பவர்கள் அரக்கோணத்தைப் பார்க்கட்டும். நாட்டில் மொத்தம் 12 பி-8ஐ, 11 சி-17, அத்தனையின் முதுகிலும் எரிபொருள் குழி திறந்துகொள்ளக் காத்திருக்கிறது. செருகத்தான் நமக்குச் சொந்தமாக ஒரு பூம் இல்லை. கூடை மட்டும் உள்ள டேங்கரை இன்னும் முப்பது வருடத்துக்கு வாங்கினால் அந்தக் குழிகள் மூடியே கிடக்கும்.

பணம்தான் தடை என்றால் பழைய 767. ஆனால் இப்போதைய ஆறுக்குப் பதிலாக வாங்கும் ஆறையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுக்க வேண்டும்: ஒரே எஞ்சின் வகை, ஒரே மாதிரி மின்னணு, ஏறக்குறைய ஒரே பறப்பு மணி. கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கி ஆறும் ஆறு விதமாக நின்றால், ஐஎல்-78-இன் 49 சதவீதத்தையே புதுப் பெயரில் வாங்கினதாகும். பயணிகள் 767 கட்டுவது எப்போதோ நின்றது, சரக்கு 767-உம் 2027-ஓடு நிற்கப்போகிறது. நல்ல சேஸிஸ்கள் வருடத்துக்கு வருடம் குறையும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டால் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்தை மறந்துவிடுங்கள். அந்த 1,500 மீட்டர் ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற சிறு பயணிகள் விமானம் இறங்கலாம். முழு எடையில் ஏ330 டேங்கர் கிளம்ப இரண்டரை கிலோமீட்டர் வேண்டும். அரக்கோணத்தின் ஓடுபாதை 4 கி.மீ.க்கு மேல். தஞ்சாவூர் அணிக்கு அங்கிருந்து ஒரு டேங்கர் எழும்பினால், புதுச்சேரிக் கரையைத் தாண்டும்போதே அதன் ஹோஸ் இறங்கத் தயாராக இருக்கும்.